கொள்ளி வைக்காத மகன்

புளியமரத்தடியில் ஒரு மர முக்காலி. அதன் பக்கத்தில் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர். சொம்பை ஒட்டிக் குந்தியிருந்த நாவிதர் கத்தியில் புது பிளேடை மாட்டிவிட்டு, அதை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். முக்காலியில் உட்கார வேண்டியவர் உட்காரவில்லை. புளிய இலைகள் தண்ணீரில் விழ விழ அவற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்த நாவிதர், கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டார். வேலைக்கு வந்தவர் காத்திருப்பது ஊரில் நடக்காத காரியமல்ல. ஆனால் பத்தடி தள்ளிப் பந்தலுக்குக் கீழே ஒரு பிணமும் காத்திருந்தது. மாசி மாத வெயில் ஏறிக்கொண்டே போனது.

உட்கார வேண்டியவர் என் அறைத்தோழர். பந்தலுக்குள் கிடத்தியிருந்தது அவருடைய அப்பாவை. நாங்கள் இருவரும் மதுரைக்கு வெளியே, திருமங்கலம் போகிற சாலையில் இருந்த ஓர் இறையியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள். படித்து முடித்துப் போதகர்களாகப் போகிறவர்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால், சேர்ந்த அன்றே அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டேன். நான் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு அது மரியாதைச் சொல். மதுரைக்காரர்களுக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைதான். "அண்ணாச்சி, துவரம்பருப்பு கால் கிலோ" என்று விடுதியே ஒரு வாரம் அவரை ஓட்டித் தீர்த்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ அண்ணேன்னே கூப்புடு தம்பி, கடைய மூடிருவோம்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

இறையியல் கல்லூரியின் முதலாண்டு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: பசிக்கும். வயிற்றுப் பசியை மட்டும் சொல்லவில்லை. மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் ஜெபம் பண்ணு, மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நில். வீட்டு ஞாபகம் வந்தால் கழிப்பறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வா. இதற்கு நடுவே கிரேக்க இலக்கணம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலிருந்து வேதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்களிடம், இந்தப் பகுதி ஒருவர் எழுதியது, இந்த வரி பிற்காலத்தில் இன்னொருவர் சேர்த்தது என்று மரத்தைப் பிளப்பதுபோலப் பிளந்து காட்டுவார்கள். அன்றைக்கு மதியச் சோறு தொண்டையில் இறங்காது. "முதல் வருஷம் விசுவாசம் போகும், ரெண்டாம் வருஷம் தூக்கம் போகும், மூணாம் வருஷம் சாம்பார் சரியில்லங்கிற கவலை மட்டும் மிஞ்சும்" என்று மூத்த மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவனான நான் முதல் பருவத்திலேயே ஆடிப்போனேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று பலமுறை நினைத்தேன். அண்ணன் ஆடவில்லை. "யாரு எழுதுனா என்ன தம்பி? சோத்த வடிச்சது யாருன்னு கேட்டுட்டா திங்கிறோம்? பசிக்கு எறங்குதா, அம்புட்டுத்தான்" என்பார். பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததைவிட அந்த வார்த்தைதான் என்னை அங்கே பிடித்து உட்கார வைத்தது.

அவர் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில். வெற்றிலைக் கொடிக்கால்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம். அவருடைய அப்பா காலத்தில்தான் ஒரு சின்னக் கொடிக்காலைக் குத்தகைக்குப் பிடித்து, சொந்தமாக வெற்றிலை பயிரிட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணனும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்து ஏணியில் ஏறி வெற்றிலை கிள்ளியவர்தான். அவர்கள் தெருவில் இருபது வீடுகளைச் சேர்த்து ஒரு சிறிய சபை இருந்தது. அங்கே போய்வந்து, ஒருநாள் ஞானஸ்நானமும் வாங்கிவிட்டார். ஒரே மகன். மேலே ஒரு அக்கா, அவளைப் பக்கத்து ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகன் வேதத்தில் சேர்ந்ததைக் கேட்டு அம்மா இரண்டு நாள் அன்னம் தண்ணீர் தொடவில்லை. அப்பாவோ மறுநாள் காலையில் எப்போதும்போல மகனைத் தட்டி எழுப்பி, "வா, கொடிக்காலுக்குத் தண்ணி கட்டணும்" என்று கூட்டிக்கொண்டு போனாராம்.

அந்த அப்பாவை நான் உயிரோடு ஒரு முறைதான் பார்த்தேன். மகன் படிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று, வெள்ளை வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாக ஒரு சனிக்கிழமை விடுதிக்கு வந்திருந்தார். கையில் ஈரத் துணியில் சுற்றிய இரண்டு கவுளி வெற்றிலை. பெரியவர்களைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் பழக்கம். நேராகப் போய் கல்லூரி முதல்வர் கையில் வெற்றிலையைக் கொடுத்துவிட்டார். வெற்றிலை போடுவதைப் பாவக் கணக்கில் சேர்க்கிறவர்களும் அங்கே இருந்தார்கள். முதல்வர் நல்ல மனிதர். இரண்டு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். அன்று மாலை சமையற்கட்டில் எல்லோருடைய வாயும் சிவந்திருந்தது.

அவரைப் பேருந்து ஏற்றிவிட நானும் கூடப் போனேன். நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ எந்தச் சாமிய வேணும்னாலும் கும்புட்டுக்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? நான் செத்தா மட்டும் வந்து கொள்ளிய வச்சிரு. வச்சிட்டு மறுபடி ஒஞ்சாமிக்கிட்டப் போயிரு." அண்ணனும் சிரித்தார். "சரிப்பா, வச்சிருவேன்" என்றார்.

பேருந்து போனபிறகு, "என்ன அண்ணே, வாக்குக் குடுத்துட்டீங்க?" என்று கேட்டேன். எங்கள் சபைகளில் அதற்கு இடம் கிடையாது. மொட்டை போடுவது, கொள்ளிக்குடம் சுமப்பது, சிதைக்குத் தீ வைப்பது எல்லாமே விட்டுவந்த பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போவதாகத்தான் எண்ணப்படும். அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்பாவுக்கு இன்னும் அறுபதுகூட ஆகல தம்பி. அதுக்குள்ள அவரே சபைக்கு வந்துருவாரு, பாத்துக்கிட்டே இரு. அடக்க ஆராதனைய நானே நடத்துவேன்" என்றார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போடுகிற கணக்கு இது. இன்று நான், நாளை என் வீடு, மறுநாள் என் தெரு. ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தால் வீட்டார் வந்துவிடுவார்கள், வருவதற்கு முன்னால் யாரும் சாக மாட்டார்கள் என்று நம்புவார்கள். எனக்கும் அன்று அது சரி என்றுதான் பட்டது.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் செய்தி வந்தது. முதலாண்டு மாணவர்கள் வகுப்பு நேரத்தில் கைபேசியைக் காப்பாளர் அறையில் கொடுத்துவிட வேண்டும். அவருடைய அக்கா வகுப்பு தொடங்கியதிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன பிறகுதான், பூட்டிய அலமாரிக்குள் மணி விடாமல் அடிப்பதைக் காப்பாளர் கவனித்தார். கிரேக்க வகுப்பின் நடுவே வாசலில் வந்து நின்று அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொடிக்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். முதல்வர் எங்கள் இருவருக்காகவும் ஜெபித்து, கூடப் போய்வா என்று என்னை அனுப்பினார்.

பேருந்தில் அண்ணன் அழவில்லை. கோச்சடை தாண்டியது. வலப்பக்கம் வைகை, தண்ணீர் இல்லாமல் மணலும் கருவேலுமாகக் கூடவே வந்தது. பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "வாக்குக் குடுத்துட்டேன். வச்சிருவேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வையுங்கள் அண்ணே என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றியது, சொன்னேன். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஊர் போய் இறங்கும்போது அந்த மனிதர் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பதென்று முடிவு செய்திருந்தார்.

தெரு முனையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் நின்றார். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் ஊழியம் செய்து, கருத்து மெலிந்துபோன மனிதர். அண்ணனைக் கட்டிக்கொண்டு முதலில் அவர்தான் அழுதார். பிறகு ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "தம்பி, இருபது வீடும் இன்னைக்கு ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நிக்குது. நாளைக்கு அவுக வீட்டுல ஒரு எழவு விழுந்தா, அந்தப் பயலே மொட்ட போட்டான், நீ என்னான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. பாதிப் பேரு போயிருவாங்க. ஒன்னய நம்பித்தான நான் காலேஜுக்கு எழுதிக் குடுத்தேன்? என்னய மறுபடி எழுத வச்சிராதப்பா." மிரட்டல்தான், ஆனாலும் கெஞ்சுகிற குரலில் வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடம் பாடுபட்டுக் கட்டியது ஒரு மொட்டைத் தலையில் சரிந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார். அந்தப் பயம் நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அன்று அந்தத் தெரு முனையில் அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அண்ணனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த முக்காலியும் சொம்பும். மேளம் நின்றுவிட்டது. சித்தப்பா வந்து கூப்பிட்டார், பெரியவர்கள் வந்து கூப்பிட்டார்கள். அண்ணன் அசையவில்லை. "மகன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில பங்காளி மகன் கொள்ளி வச்சா, செத்தவன் பிள்ள இல்லாதவன்னுல்ல ஊரு பேசும்?" என்று சித்தப்பா கத்தினார். கடைசியில் பிணத்தின் தலைமாட்டில் இருந்த அம்மாவே எழுந்து வந்தாள். தலைமுடி கலைந்து கிடந்தது. குரலில் சத்தமே இல்லை. "ஒங்கப்பன் ஒங்கிட்ட என்னத்தக் கேட்டாரு? வீடு கேட்டாரா, காடு கேட்டாரா?" என்றாள். அண்ணன் அவள் காலில் விழுந்தார். "ஆத்தா, நான் தூக்குறேன். சுடுகாடு வரைக்கும் தோள் மாத்தாமத் தூக்குறேன். மொட்டையும் கொள்ளியும் மட்டும் என்னால ஆகாது ஆத்தா." அவள் காலை இழுத்துக்கொண்டு போய் மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாதான் முடித்துவைத்தார். "கொள்ளிக்கு ஆகாத கை பாடைக்கு மட்டும் ஆகுமாக்கும்? தள்ளி நில்லுறா."

சித்தப்பா மகன் முக்காலியில் உட்கார்ந்தான். அண்ணனைவிட இரண்டு வயது இளையவன், மினி லாரி ஓட்டுகிறவன். பெரியப்பா செல்லம். மழித்து முடித்தபோது அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். பெரியப்பாவுக்காக அழுதானா, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை நினைத்து அழுதானா தெரியவில்லை. ஊர்வலத்தின் கடைசியில், போதகரும் சபையார் மூன்று பேரும் நாங்களுமாக நடந்தோம். ஆற்றங்கரைச் சுடுகாட்டில், குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நாவிதர் குடத்தில் ஓட்டை போட, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் தீ வைத்தான் சித்தப்பா மகன். அண்ணன் கருவேல மரத்தடியில் நின்றிருந்தார். புகை எங்கள் பக்கம்தான் வந்தது. போதகர் அவர் தோளைத் தொட்டு மெதுவாக, "ஜெயிச்சிட்டப்பா" என்றார். என் வாழ்க்கையில் இதைவிடத் தோற்றுப்போன முகம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

கல்லூரிக்குத் திரும்பினால் அங்கே அவர் பெயர் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. போதகர் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மூத்த மாணவர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களைவிடப் பாராட்ட வந்தவர்கள் அதிகம். ஞாயிறன்று பக்கத்துச் சபை ஒன்றில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அண்ணன் மேடையேறி நின்றார். "எங்கப்பா செத்துப்போனாரு. நான் தூக்கல" என்றார். அடுத்த வார்த்தை வருமென்று ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் "அல்லேலூயா" என்று சொல்லி அந்த இடைவெளியை நிரப்பினார்.

அப்பா இறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு வகுப்பு. சமயமும் பண்பாடும் என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு. நடத்தியவர் படித்தவர், பரந்த மனது, மாணவர்களுக்குப் பிடித்தமானவர். அந்த மாதம் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அண்ணனுடைய அப்பா இறந்தது அவருக்குத் தெரியும், மற்றது தெரியாது. அன்றைக்குப் பாடம் இறப்புச் சடங்குகள். கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு விளக்கினார். இந்தச் சடங்குகளில் பெரும்பாலானவை தெய்வ வழிபாடல்ல, உறவின் கடமை. கொள்ளி வைப்பது ஒரு மகன் தன் தகப்பனுக்குச் செய்கிற கடைசி மரியாதை. அதைச் செய்வதால் ஒரு கிறிஸ்தவனின் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வராது. வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரிகளின் பயத்தை நாம் வேதம்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இன்று நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அண்ணன் எழுந்து நின்றார். குரலில் கோபமில்லை. சந்தேகம் கேட்கிற மாணவனைப்போலத்தான் கேட்டார். "ஐயா, இத ஒரு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆசிரியர் எங்கள் முகங்களைப் பார்த்தார், ஏதோ விளங்கியதுபோலச் சாக்கட்டியைக் கீழே வைத்தார். பாடத்திட்டத்தின்படி அது அன்றைக்குத்தான் வர வேண்டியிருந்தது, வந்தது. அதில் யார் தப்பும் இல்லை. யார் தப்பும் இல்லாமலே ஒரு மனிதனின் வாழ்க்கையில் இடி விழலாம் என்று நான் தெரிந்துகொண்டது அந்த வகுப்பில்தான். சாயங்காலம் அவர் எங்கள் அறைக்கு வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்தவன். என்னை யாரும் இப்படி ஒரு எடத்துல நிறுத்துனதில்ல. புத்தகத்துல படிச்சதத்தான் சொன்னேன்" என்றார். அண்ணன் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அதன்பிறகு அண்ணன் முடி வெட்டிக்கொள்ளவே போகவில்லை. சலூன் வாசல் வந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நடப்பார். முடி காதை மூடி, சட்டைக் கழுத்தில் புரண்டது. காப்பாளர் இரண்டு முறை சத்தம் போட்டார். கடைசியில் தேர்வுக்கு முன்பு நானே ஒரு கத்திரிக்கோலை இரவல் வாங்கிவந்து, துவைக்கிற கல்லில் அவரை உட்காரவைத்து வெட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆடு மேஞ்ச கொல்லையாட்டம் இருக்கு தம்பி" என்றார். அப்பா இறந்ததற்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அதுதான். நான் சிரித்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

கொள்ளியோடு முடிகிற விஷயமல்ல அது. கொள்ளி வைத்தவனுக்குத்தான் கருமாதி அன்று தாய்மாமன் உருமா கட்டுவார். அந்தத் தலைப்பாகையோடு வீட்டுக்கு இனி ஆம்பிளை இவன்தான் என்றாகிவிடும். அதைச் சித்தப்பா மகனுக்குக் கட்டினார்கள். பிறகு அக்கா பிள்ளைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி அவனுடையது. அக்கா மகள் பெரியவளானபோது சீர்த்தட்டு எடுத்துப்போனவனும் அவன்தான். அண்ணன் எல்லாவற்றுக்கும் போனார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா அவரை ஒதுக்கவில்லை. போனால் சோறு போடுவாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவாள். அந்த மாசி மாதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போதகராக அபிஷேகம் பெற்ற நாளில் முன்வரிசையில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார். அவள் வரவில்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுச் சபைகளில் அவர் குடியிருந்த வீடுகள் எதிலும் அவள் கால் வைத்ததில்லை. ஞானஸ்நானம் கொடுத்த போதகரோ சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இருபது வீடுகள் இருபதாகவே இருந்தன.

போன ஆடியில் அம்மா இறந்துபோனாள். சித்தப்பா மகன் அண்ணனிடம் சொல்லத் தைரியமில்லாமல் என்னைத்தான் கூப்பிட்டான். "நீங்களே போயிக் கூட்டிட்டு வந்துருங்கய்யா." நான் இப்போது மதுரையில் ஒரு சபையில் இருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அண்ணனை ஏற்றிக்கொண்டேன். இருவருக்கும் நரைத்துவிட்டது. வழியெல்லாம் அவர் பேசியது ஒன்றே ஒன்று: "இந்தத் தடவ வைக்கிறேன்னு கேட்டுப் பாக்கவா தம்பி? விடுவாங்களா?" நான் கேளுங்கள் என்றேன். பாடத்தை நானும் படித்து முடித்திருந்தேன் அல்லவா. ஆனால் நாங்கள் போய் இறங்கியபோது சித்தப்பா மகனின் தலை ஏற்கெனவே மழிக்கப்பட்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே பந்தலுக்குள் போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை தோள் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. தடுத்த சித்தப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார். ஆற்றங்கரைக்குப் போனால் அங்கே சிதை அடுக்கியிருக்கவில்லை. ஒரு குழி வெட்டியிருந்தது. அண்ணன் திகைத்துப்போனார். அவர்கள் வழக்கத்தில் எரிப்பதுதான். அந்தக் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லை. "எதுக்குடா குழி?" என்றார்.

சித்தப்பா மகன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெரியாத்தாதாண்ணே சொல்லுச்சு. படுத்ததுலருந்து இதே பேச்சுத்தான். என்னய எரிக்காதீங்க, பொதைங்கன்னுச்சு. ஏன் பெரியாத்தான்னு கேட்டேன். எரிச்சா கொள்ளி ஒருத்தன்தான்டா வைக்க முடியும், பொதைச்சா வந்த சனம் அம்புட்டும் மண்ணு போடலாம்ல, அவனும் போடுவான்னுச்சு. அவுக வேதத்துல மண்ணு போடுறது உண்டாமே, நான் விசாரிச்சுட்டேன்னுச்சு."

யாரிடம் விசாரித்தாள், எப்போதிலிருந்து யோசித்துவைத்திருந்தாள், ஏன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கேட்க அவள் இல்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் மனதுக்குள் பூட்டிவைத்திருந்து, செத்தபிறகு திறந்து காட்டுகிறாளே என்று கோபம்.

வாய்க்கரிசி போட்டு, குடம் உடைத்து, இறக்கி முடித்தபின் ஒவ்வொருவராக மண் போட ஆரம்பித்தார்கள். ஆளுக்கு மூன்று பிடி. அண்ணன் முறை வந்தது. எத்தனையோ குழிகளின் ஓரத்தில் நின்று, எத்தனையோ பேருடைய அப்பாவையும் அம்மாவையும் மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தவர். அதற்கான வாசகம் எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அண்ணனுக்கு அன்று வரவில்லை. குனிந்து முதல் பிடியைப் போட்டு "ஆத்தா" என்றார். இரண்டாவது போட்டார். மூன்றாவது போட்டார். நகரவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தள்ள ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றது. மண்வெட்டியோடு காத்திருந்த ஆள் முன்னால் வந்து, என்ன செய்வது என்று சித்தப்பா மகனைப் பார்த்தார்.

"இருக்கட்டும்யா, தள்ளிக்கங்க" என்றான் அவன். "அண்ணனே மூடட்டும்."